களை வாங்கிய மொய்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது எங்கள் இரண்டு ஏக்கர் தோட்டத்தில் பலா ஒன்றுகூட மிஞ்சவில்லை. தென்னையில் பத்துக்கு எட்டு போய்விட்டது. ஆலங்குடியிலிருந்து பேராவூரணி வரைக்கும் எல்லார் வீட்டுக் கதையும் அன்று இதுதான், அதனால் நீட்டவில்லை. அடுத்த பத்து மாதம் வெட்டுவதிலும் அப்புறப்படுத்துவதிலும் போனது. ஜேசிபி வைத்துத் தூர் பிடுங்கினோம். 2019 புரட்டாசிக் கடைசியில் பத்துக்குப் பத்தடி இடைவெளியில் தேக்கு, மகோகனி, நடுநடுவே கொஞ்சம் வேங்கை நட்டோம். ஏக்கருக்கு 435 கன்று.

அந்தக் கன்றுகளுக்கு நடுவே முளைத்த களையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஐந்து வருடமாக அதோடு மல்லுக்கட்டியும் சமாதானம் பேசியும் கற்றுக்கொண்டதை, மரம் நடப்போகும் யாருக்காவது உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

முதல் வருடம் நிலத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். கன்று வாங்கிய இடத்திலும் அதையேதான் சொன்னார்கள். "முதல் ரெண்டு வருசம் ஒரு புல்லு இருக்கக்கூடாது சார்." அப்படியே செய்தோம். ரொட்டவேட்டர் விட்டு, கிளம்பிய புல்லை எல்லாம் வாரி வரப்போரம் குவித்து, காயவைத்துக் கொளுத்தினோம். மறுபடி துளிர்த்ததற்குக் களைக்கொல்லி அடித்தோம். ஐப்பசி பிறக்கும்போது நிலம் பெருக்கித் தெளித்த வாசல் மாதிரி இருந்தது. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

எங்கள் தோட்டத்துக்குக் களையெடுக்க வரும் அக்கா மட்டும் வரப்பில் கிடந்த சாம்பலைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏந்தம்பி, இம்புட்டையும் கொண்டாந்து இங்கன எரிச்சுப்புட்டா மண்ணு என்னத்தத் திங்கும்?"

அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்தது. மழை பெய்யப் பெய்யக் கன்று எழும்ப வேண்டும், எங்கள் தேக்கோ வெளுக்க ஆரம்பித்தது. குருத்து பச்சையாக இருக்கிறது, அடியிலைகள் மட்டும் மஞ்சள். தழைச்சத்துப் பஞ்சம் வந்தால் இப்படித்தான் ஆகும். மரம் பழைய இலையில் இருக்கும் சத்தை உருவிக் குருத்துக்கு அனுப்பிவிடும். ஆனால் நாங்கள் புல்லைக் குவித்து எரித்த வரப்போரத்தில் நின்ற பூவரசு மட்டும் உள்ளங்கை அகல இலையோடு கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றது. கன்றுக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கைச் சாம்பலாகப் பூவரசுக்குப் போட்டிருக்கிறோம் என்று உறைத்தது அப்போதுதான். மிச்சப் பங்கு எங்கே போனது என்று தெரிந்துகொள்ள நிறையப் படிக்க வேண்டியிருந்தது.

பழைய தோப்பை அழித்தால் மண்ணுக்குள் ஏகப்பட்ட வேர், சருகு, தூர் மிச்சம் கிடக்கும். அதில் அடைபட்டிருக்கும் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் தின்று, முதலில் அம்மோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் அவிழ்த்து விடும். மண்ணைப் புரட்டி வெயில் பட வைத்தால் இந்த வேலை வேகம் பிடிக்கும். கோடையில் காய்ந்து கிடந்த மண்ணில் மழை விழுந்தால் இன்னும் வேகம். கென்யாவில் வேலை பார்த்த பர்ச் என்ற ஆய்வாளர் 1950களில் இதை அளந்து எழுதினார். காய்ந்த மண் நனைந்ததும் கிளம்பும் இந்தத் திடீர்ப் பெருக்கத்துக்கு இன்றும் பர்ச் விளைவு என்றே பெயர். முதல் மழைக்குப் பிறகு நாலே நாளில் பயிரின் நிறம் மாறுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

ஆக, நட்ட முதல் மழைக்காலத்தில் மண்ணில் சத்து கொட்டிக் கிடக்கிறது. எடுத்துக்கொள்ளத்தான் ஆளில்லை. ஒரு கன்றுக்கு நாம் ஒதுக்கியிருப்பது நூறு சதுர அடி. ஒரு முழம் உயரக் கன்றின் வேர் சுற்றிலும் ஒன்றரையடி போயிருக்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஏழு சதுர அடிதான் வருகிறது. மீதி 93 சதுர அடியில் அவிழ்ந்து கிடப்பதை யார் சாப்பிடுவது? நைட்ரேட் எதிர்மின்னேற்றம் உள்ளது, களிமண் துகளும் எதிர்மின்னேற்றம் உள்ளது. அதனால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை, தண்ணீர் போகிற போக்கில் இறங்கிவிடும். இறங்கும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். நான் வாசல் மாதிரிப் பெருக்கி வைத்தது இதற்குத்தான் வழிவிட்டது.

இதை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்த ஒரு சோதனை உண்டு. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பர்ட் புரூக் என்று ஒரு காடு. ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் முதலானவர்கள் அங்கே 15.6 ஹெக்டேர் நீர்ப்பிடிப்புப் பகுதி ஒன்றில் 1965 கடைசியில் மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு கட்டையைக்கூட வெளியே எடுக்கவில்லை. அடுத்த மூன்று கோடைக்கும் களைக்கொல்லி தெளித்து, ஒரு செடியும் முளைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அங்கிருந்து இறங்கும் ஓடையின் தண்ணீரில் நைட்ரேட் அளவு, காடு அப்படியே நின்றிருந்தால் இருந்திருக்க வேண்டியதைப் போல முதல் வருடம் 41 மடங்கு, இரண்டாம் வருடம் 56 மடங்கு ஆனது. குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட அளவையே தாண்டியது. வெட்டிய மரம் முழுக்க அங்கேயே கிடக்கிறது, யாரும் எதையும் எடுத்துப் போகவில்லை, இருந்தும் மண்ணின் சத்து ஓடையில் போய்க்கொண்டே இருந்தது. பிடித்துவைக்க உயிருள்ள வேர் இல்லாததுதான் காரணம்.

அதே வட்டாரத்தில் களைக்கொல்லி அடிக்காமல் விட்ட இடங்களில் பின் செர்ரி என்ற குட்டை மரம் கும்பலாக முளைக்கும். மரத்துக்காகக் காடு வளர்ப்பவர் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் வெட்டிய நிலத்தில் சத்து கசிந்து போகாமல் சட்டென்று தடுத்து நிறுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று மார்க்ஸும் போர்மனும் 1972-ல் எழுதினார்கள். களை என்று நாம் பெயர் வைத்த ஒன்று செய்த வேலை இது.

இதைப் படித்த வேகத்தில் 2020-ல் நான் அடுத்த கோடிக்குப் போனேன். எதையும் தொடாதே, எல்லாம் வளரட்டும் என்று விட்டுவிட்டேன். கோரையும் அருகும் கன்றின் காலடி வரைக்கும் பாய் விரித்தன. பார்த்தீனியம் இடுப்பளவு. தை, மாசியில் மண்ணைக் கையில் எடுத்தால் ஈரமே இல்லை, அத்தனையையும் புல் உறிஞ்சியிருந்தது. வேருக்குச் சத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தண்ணீர்தான். ஈரம் போனால் சத்து பக்கத்தில் இருந்தும் பிரயோசனம் இல்லை. மகோகனி அந்த வருடம் ஒரு சாண்கூட எழும்பவில்லை.

தென் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கேம்பியர் பக்கத்து மணல் நிலத்தில் பைன் நட்டு, களையோடும் களையில்லாமலும் வளர்த்து, 1980களில் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள் பிலிப் ஸ்மெதர்ஸ்டும் சதானந்தன் நம்பியாரும். களை கன்றோடு தழைச்சத்துக்குப் போட்டி போட்டு வளர்ச்சியைப் பின்னுக்கு இழுத்தது. கன்றால் எடுக்க முடியாத சத்தைக் கீழே இறங்கவிடாமல் பிடித்ததும் அதே களைதான். இரண்டும் ஒரே செடியின் வேலை. எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதுதான் வித்தியாசம்.

எங்கள் பக்கத்து ஆளுக்கு இதைச் சொல்வதானால் மொய் என்ற ஒரு சொல் போதும். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்து. ஒருவர் கறிவிருந்து வைப்பார், ஊரே வந்து சாப்பிட்டு மொய் எழுதும். வாங்கியவர் அடுத்தடுத்த வருடங்களில் எழுதியவர் வீட்டு விருந்துக்கெல்லாம் போய்த் திருப்பிச் செய்தாக வேண்டும். நோட்டில் பெயரும் தொகையும் இருக்கும். களையும் மண்ணிடம் மொய்தான் வாங்குகிறது. கன்று சாப்பிட்டது போக மீதி இருப்பதை, மழை அடித்துக்கொண்டு போவதற்குள் வாங்கித் தன் உடம்பில் வைத்துக்கொள்கிறது. அதை அறுத்து அங்கேயே போட்டால் மக்கித் திருப்பிக் கொடுக்கும். அதற்குள் கன்றின் வேரும் நீண்டிருக்கும், வாங்கிக்கொள்ள ஆளிருக்கும். வாரிக்கொண்டு போய் வரப்பில் எரிப்பது மொய் நோட்டை எரிப்பதுதான். தழைச்சத்து புகையாகப் போய்விடும். சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் கொஞ்சம் மணிச்சத்தும் சாம்பலில் மிஞ்சும், அதுவும் குவித்த இடத்தில் மட்டும்.

எவ்வளவு மொய் என்று ஒருநாள் நிறுத்துப் பார்த்தேன். 2021 கார்த்திகைக் கடைசியில், சுமாராகக் களை நின்ற ஓரிடத்தில் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டி ஒரு சதுர மீட்டர் அளந்தேன். கருக்கரிவாளால் தரையோடு அறுத்துத் துணிப்பையில் போட்டுத் தராசில் வைத்தால் ஒன்றரைக் கிலோ. மாடியில் ஒரு வாரம் காய்ந்த பிறகு 300 கிராம். இளசாக இருக்கும் களையின் காய்ந்த எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தழைச்சத்து என்று வைத்தால் 6 கிராம். ஒரு ஏக்கருக்குச் சுமார் 4,000 சதுர மீட்டர், ஆக 24 கிலோ தழைச்சத்து. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20 கிலோவும் சொச்சமும். முதல் வருடம் நான் வரப்பில் கொளுத்தியது ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா என்று அன்றைக்குக் கணக்குப் பார்த்தேன். அதே களையில் இருக்கும் சாம்பல்சத்தும் அதற்குக் குறைவாக இருக்காது.

அந்த வருடத்திலிருந்து இப்படிச் செய்கிறோம். கன்றைச் சுற்றி ஒன்றரையடிக்கு வட்டம் கட்டி, அதற்குள் மட்டும் எதுவும் முளைக்காமல் பார்த்துக்கொள்வோம். ஆவணி, புரட்டாசியில் முதல் மழைக்கு முளைத்ததும் களைக்கொட்டால் மேலாகச் சுரண்டிவிட்டால் போதும், ஆழமாகக் கொத்தினால் கன்றின் மேல்வேர் அறுந்துவிடும். வட்டத்துக்கு வெளியே ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கை வைப்பதே இல்லை. கொட்டுகிற மழையில் சத்தைப் பிடித்து வைக்க அதுதான் காவல். கார்த்திகை முடிந்து மழை ஓயும்போது, விதை பிடிக்கும் முன்னால், மொத்தத்தையும் தரையோடு அறுத்து வட்டத்துக்குள் மூடாக்காகப் போட்டுவிடுவோம். தண்டை ஒட்டிப் போடக்கூடாது, நாலு விரல் இடம் விட வேண்டும். மழை நின்ற பிறகு களை நின்றால்தான் ஈரத்துக்குச் சண்டை. அறுத்துப் போட்டுவிட்டால் அதே களை ஈரத்துக்குப் போர்வை.

அறுத்த களை சத்தை ஒரே நாளில் திருப்பித் தருவதில்லை. சாம்பல்சத்து செடியின் சாற்றிலேயே கரைந்திருப்பதால் ஒரு நல்ல மழைக்கே மண்ணில் இறங்கிவிடும். தழைச்சத்துக்கு நுண்ணுயிர் வேலை செய்தாக வேண்டும். பச்சையாக, பூப்பதற்கு முன்னால் அறுத்தது சீக்கிரம் மக்கும். முற்றிக் காய்ந்த புல்லில் கார்பனின் பங்கு மிக அதிகம். தழைச்சத்து ஒரு பங்குக்குக் கார்பன் 25 பங்கு வரைக்கும் இருந்தால் நுண்ணுயிர் சத்தை வெளியே விடும், அதற்கு மேல் போகப் போகத் தன் தேவைக்கு மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். முற்றிய புல்லில் இது 60, 70 பங்கு வரைகூடப் போகும். அதை உழுது மண்ணுக்குள் அமுக்கினால் கன்று கொஞ்ச நாள் வெளுத்து நிற்கும். மேலே பரப்பி வைத்தால் அந்தச் சிக்கல் குறைவு. பூப்பதற்கு முன் அறுக்கச் சொல்வது விதையைத் தடுக்க மட்டும் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

2022 மாசியில் ஒரு தேக்கின் மூடாக்கைத் தூக்கிப் பார்த்தேன். மேலே காய்ந்த சருகு, அதன் கீழே கரையான் மண் பூசிய தண்டுகள், அதற்கும் கீழே விரல் தடிமனுக்குக் கறுப்பாக, ஈரமாக, காட்டு வாசம் அடிக்கும் ஒரு படலம். அந்தப் படலத்துக்குள் தேக்கின் நூல் வேர்கள் வெள்ளை வெளேரென்று மேல்நோக்கி ஏறி வந்திருந்தன. வேர் கீழேதான் போகும் என்று படித்தவன் நான். சாப்பாடு மேலே இருந்தால் மேலே வருகிறது. எங்கள் செம்மண்ணில் இரும்பு அதிகம், உரமாகப் போடும் மணிச்சத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மக்குகிற இலையிலிருந்து கசிவதை மண்ணுக்குப் போகும் முன்னாலேயே வேர் வாங்கிக்கொள்வது அதனால்தான் இவ்வளவு பெரிய விஷயம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரிசையை மட்டும் வட்டம் எடுக்காமல், அறுக்காமல் விட்டிருந்தேன். அதே மாசியில் நெஞ்சுயரத்தில் சுற்றளவு எடுத்தபோது அந்த வரிசைத் தேக்கு சராசரி 16 செ.மீ., பக்கத்து வரிசை 25 செ.மீ. ஒரு வரிசையை வைத்து ஊருக்குச் சட்டம் போட முடியாது. ஆனாலும் நான் அந்த வரிசையையும் அன்றே வட்டம் எடுத்துவிட்டேன், பார்க்கப் பொறுக்கவில்லை.

எல்லாக் களையும் ஒன்றில்லை. கொழிஞ்சியை நான் தொடுவதே இல்லை. அவரைக் குடும்பம், காற்றிலிருந்து தழைச்சத்தைத் தானே சேர்க்கும், ஆடும் அவ்வளவாகக் கடிக்காது. வயலுக்குப் பசுந்தாளுரமாக நம் தாத்தாமார் கட்டுக்கட்டாக வெட்டிச் சுமந்த செடி. அருகும் கோரையும் வட்டத்துக்குள் வரவே கூடாது. பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும். களையெடுப்பவர்களின் தோலில் அது செய்யும் கொடுமையைப் பார்த்தவன் என்பதால் கையுறை வாங்கிக் கொடுக்காமல் யாரையும் அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு வருடம் இடையில் நிலக்கடலையும் போட்டோம். களை இருக்க வேண்டிய இடத்தில் நாமே ஒரு செடியை வைப்பதுதான் ஊடுபயிர். கடலை தன் பங்குத் தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுத்தாலும் பருப்போடு நிறைய வெளியே போய்விடும், அதனால் கொடியையாவது நிலத்திலேயே விட வேண்டும். ஆடு மேய்த்தாலும் இதே கணக்கு. பகலில் இங்கே மேய்ந்து இரவில் வேறு இடத்தில் அடைந்தால் சத்து அங்கே போகிறது. கிடை போட்டால் இங்கேயே நிற்கிறது.

நிலத்தை வாசல் மாதிரி வைக்கும் பிடிவாதம் எனக்கு மட்டும் வந்ததில்லை. இலங்கை மலைநாட்டில் தேயிலைக்கு இடையே ஒரு புல் இல்லாமல் வழித்து வைப்பதுதான் தோட்டத்துரைமார் காலத்து ஒழுங்கு. அதற்குக் கொடுத்த கருவியின் பெயர் சுரண்டி. ஆங்கிலத் தேயிலை நூல்களுக்குள்ளும் அந்தத் தமிழ்ச் சொல் அப்படியே போயிருக்கிறது. நம் மக்கள் குனிந்து சுரண்டிய சரிவுகளில் மேல்மண் மழையோடு ஆற்றுக்கு இறங்கியது. மலாயா ரப்பர்த் தோட்டங்களிலும் இதே பாடம் படித்துத்தான் பியூரேரியா மாதிரிக் கொடிகளை இளங்கன்றுகளுக்கு நடுவே பரப்பினார்கள். இன்று கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் நடுகிறவர்கள் பியூரேரியாவும் முக்குனாவும் சாதாரணமாகப் போடுகிறார்கள். ரப்பருக்குத் தெரிந்தது நம் தேக்குக்கும் மகோகனிக்கும் இன்னும் வந்து சேரவில்லை என்பது எனக்கு ஆதங்கம்.

இப்போது ஐந்து வருடம் முடிந்துவிட்டது. தேக்கின் கொப்புகள் வரிசைக்கு வரிசை தொட்டுக்கொண்டன. கீழே நிழல் விழுந்ததும் களை தானாகவே குறைந்தது. இனிமேல் மரமே தன் இலையைக் கொட்டி எடுத்துக்கொள்ளும். உதிர்ப்பதற்கு முன் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பாதியளவுக்கு உள்ளே இழுத்துக்கொண்டு, சுண்ணாம்பை இலையோடு கீழே விடும். ஆனாலும் நான் தரையை முழுக்க வெறுமையாக விடவில்லை. தேக்கின் அகல இலையில் சேர்ந்து சொட்டும் துளி மழைத்துளியைவிடப் பெரியது, வெறும் மண்ணில் விழுந்தால் குழி பறிக்கும். நிழலில் பிழைக்கும் நாலு செடி அங்கே இருக்கட்டும்.

போன ஐப்பசியில் அக்கா களைக்கொட்டோடு வந்தார். சருகை ஒதுக்கிப் பார்த்துவிட்டு, "இங்கன எனக்கு வேலையில்ல தம்பி" என்று பக்கத்து நிலத்துக்குப் போனார். அங்கே அந்த வருடம்தான் மகோகனி நட்டிருந்தார்கள். நிலம் வாசல் மாதிரி இருந்தது, பிடுங்கிய புல் வரப்பில் குவியல் குவியலாக. நானும் பின்னாலேயே போனேன், நிலத்துக்காரரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு. அக்கா யாரையும் எதுவும் கேட்கவில்லை. குனிந்து ஒரு கை நிறையப் புல்லை அள்ளிக்கொண்டு உள்ளே நடந்து, முதல் கன்றைச் சுற்றி நாலு விரல் விட்டுப் பரப்பினார்.